இரண்டு கமரா, ஒரு பை: மலையகத்தில் படம் பிடிக்கும் தம்பதியரின் கேள்விகள்

கணவனும் மனைவியுமாகக் கமராவோடு மலைநாடு போகிறவர்களின் கடிதங்கள் இம்முறை நிறைய. அவற்றில் பாதி "எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியை இந்த இதழில் தொடவில்லை. கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையில்தான் வெளிக்கிட முடியும். மலையகத்துக்கு எந்த மாதம் நல்லது?
(ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

ஓகஸ்ட். ஆனால் நுவரெலியாவுக்கல்ல, ஊவாவுக்கு, அதாவது பண்டாரவளை, எல்ல பக்கத்துக்கு. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை இருக்கிற மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிடும். மலை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமிருக்காது. அதனால் அட்டனில் குடை பிடிக்கிற அதே நாளில் பண்டாரவளையிலும் எல்லவிலும் வெயில் எரிக்கும். இரண்டு சங்கடங்கள் உண்டு. காற்று பலமாக வீசும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள், பை நிலத்தில் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும், இல்லாவிட்டால் பையே ஊசலாடி ஆட்டம் கொடுக்கும். அடுத்தது, அப்புத்தளையிலிருந்து தெற்கே தெரியும் தாழ்நிலம் அந்தக் காலத்தில் புழுதிப் புகாராக இருக்கும். தூரக் காட்சிக்கு அதிகாலையை விட்டால் வழியில்லை.

டிசம்பரில் கதை தலைகீழ். வடகீழ் பருவமழை பதுளை, பசறை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் எல்லாவற்றையும் நனைக்கும். மண்சரிவு எச்சரிக்கை பார்க்காமல் அந்த வீதிகளில் இறங்கக் கூடாது. ஏப்ரலில் காலை வெளிச்சம் அருமை, பின்னேரம் இடிமழை. நுவரெலியாவில் அது வசந்தகாலக் கொண்டாட்டம். அறை வாடகையும் வாகன நெரிசலும் உங்களை விரட்டும். தைப்பொங்கலோடு இரண்டு நாள் லீவு சேர்த்துக்கொள்ள முடிந்தால் நுவரெலியாவுக்கு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரைதான் முதல் தரம்.

கேள்வி: ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். அங்கே 'உலக முடிவு' என்கிற மலை விளிம்பில் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. அப்போது காலை ஒன்பதரை. மறுபடி போகிறோம், எப்படித் திட்டமிடுவது?
(ஒரு தம்பதியர், அட்டன்)

ஒன்பதரைக்குப் போனால் பெரும்பாலான நாட்களில் அந்த வெள்ளைச் சுவர்தான். வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி, ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்துச் சரிவோடு மேலெழும்பும். உச்சிக் குளிரில் பட்டதும் முகிலாகிவிடும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளம் மூடிவிடும்.

அட்டனிலிருந்து அன்றே வெளிக்கிட்டு இதைப் பிடிப்பது கடினம். முதல் நாள் இரவு நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ தங்குங்கள். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர் அளவு, பாதை ஒடுக்கம். நாலரைக்கு வாகனம் கிளம்பினால் ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது வரிசையில் முன்னால் நிற்கலாம். வாசலில் பை பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே போகாது. மழைக்கென்று கமராவுக்குப் பொலித்தீன் பை கொண்டுபோகிறவர்களும் அங்கேதான் மாட்டுவார்கள். துணியாலான மழையுறை வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாட்டை டப்பாவில் எடுங்கள்.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். முதலில் நேரே உலக முடிவு. வழியில் எதைக் கண்டாலும் நிற்காதீர்கள். பேக்கர் அருவி பின்னுக்கு. முகில் மூடிய பிறகுதான் அருவிக்கு ஏற்ற மெல்லிய வெளிச்சம் வரும், அதனால் எதையும் இழக்கமாட்டீர்கள். உலக முடிவில் இருவரும் ஒரே அகலக்காட்சியை எடுப்பது வீண் வேலை. ஒருவர் 16–35 மி.மீ. வில்லையில் பள்ளத்தாக்கு முழுவதையும் எடுக்க, மற்றவர் 100–400 மி.மீ. போட்டு அடுக்கடுக்கான முகடுகளையும் கீழேயுள்ள தேயிலை மலைகளையும் துண்டு துண்டாக எடுக்கட்டும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இந்த இரண்டாவது வகைப் படங்கள்தான் பெரும்பாலும் தேறும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட என்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்மேலாக ஏறும். பொன்னிற வெளிச்சம் உதயத்திலிருந்து 25 நிமிடம் அளவுதான். ஐரோப்பியர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

திரும்பும் வழியில் பாசி படிந்த அடிமரங்களைப் பாருங்கள். மூக்கில் வெள்ளையாகச் சிறு கொம்புள்ள ஓணான் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இலங்கையின் உயர்மலைக் காடுகளுக்கு மட்டுமே உரியது. கையால் தொட்டு இடம் மாற்றி 'போஸ்' கொடுக்க வைப்பவர்களைக் கண்டிருக்கிறோம், தயவுசெய்து வேண்டாம். குளிரில் மெதுவாகத்தான் அசையும், ஆறுதலாகவே எடுக்கலாம். கண்ணில் குவியம், எஃப் 8, பின்னணி இரண்டு மீற்றருக்கு அப்பால் இருந்தால் போதும். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் கிட்ட வரும். சாப்பாடு காட்டிக் கூப்பிட்டு எடுத்த படத்தில் மரையின் கண் சாப்பாட்டில்தான் இருக்கும், அது படத்திலும் தெரியும்.

கடைசியாக, விளிம்பு. 2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து அங்கே விழுந்தார். கீழே ஒரு மரத்தில் தங்கியதால் உயிர் தப்பினார், இராணுவம் தூக்கிவந்தது. கமரா கண்ணில் இருக்கும்போது கால் நகரக் கூடாது. நகர வேண்டுமானால் கமராவை இறக்கிவிட்டு நகருங்கள்.

கேள்வி: பனிமூட்டத்தில் எடுத்தால் எல்லாம் சாம்பலாக, அழுக்காக வருகிறது. என் வீட்டுக்காரர் எடுத்ததில் ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.
(ஒரு வாசகி, கொட்டகலை)

சாம்பலுக்குக் காரணம் கமராவின் ஒளிமானி. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் குணம். வெள்ளைப் பனியையும் அப்படித்தான் இழுத்துக் கறுப்பாக்கும். ஒளியீட்டுத் திருத்தத்தை +0.7 முதல் +1.3 வரை கூட்டுங்கள். திரையை நம்பாமல் ஒளியின் அளவைக் காட்டும் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பாருங்கள், மேடு வலப்பக்கம் சாய்ந்து, சுவரில் முட்டாமல் நிற்க வேண்டும்.

நீலமும் மஞ்சளும் தானியங்கி வெண்சமநிலையின் (ஒயிட் பேலன்ஸ்) வேலை. பிடித்துக்கொள்ள நிறம் எதுவும் இல்லாததால் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு முடிவு எடுக்கும். இரண்டு கமராவிலும் 5500 கெல்வின் என்று நிலையாக வைத்துவிடுங்கள். ஒரே தொகுப்பில் இருவர் படமும் சேரும்போது அப்போதுதான் ஒத்துப்போகும்.

குவியம் முன்னும் பின்னும் அலைந்தால் ஒற்றைப் புள்ளியைக் கிரவிலியா மரத்தின் கரிய விளிம்பில் வையுங்கள். பனியில் இருபது முப்பது மீற்றருக்குள் ஒரு பொருள் வேண்டும்: மரம், படிக்கட்டு, கூடை சுமந்த ஆள், ஏதாவது. அது இல்லாத படம் வெறும் வெள்ளைத் தாள்தான். பிறகு கணினியில் பனியைத் துடைக்கிற பொத்தானை இழுத்து அதைக் காப்பாற்றவும் முடியாது.

கேள்வி: அருவியைப் பட்டுப்போல எடுக்க நினைத்தால் படம் முழுக்க வெளிறிப்போகிறது. ஃபில்டர் கட்டாயமா?
(ஒரு வாசகர், றம்பொடை)

பகலில் கட்டாயம். கணக்குப் பாருங்கள். முகில் மூடிய நேரம், ஐஎஸ்ஓ 100, எஃப் 11. ஷட்டர் 1/60 வருகிறது என்று வையுங்கள். போலரைசர் ஃபில்டர் போட்டால் ஏறத்தாழ இரண்டு படி ஒளி குறைந்து (ஒரு படி என்றால் ஒளி பாதியாவது) 1/15. அதன் மேல் மூன்று படி குறைக்கும் என்டி 8 என்ற சாம்பல் ஃபில்டர் போட்டால் அரை வினாடி. தண்ணீரில் இழையும் தெரிந்து ஓட்டமும் தெரிவதற்குக் கால் வினாடி முதல் ஒரு வினாடி வரை போதும். பத்து வினாடி வைத்தால் அருவி பஞ்சாகிவிடும். அது இப்போது நாகரிகமாக இருக்கலாம், எங்களுக்குப் பிடிக்கவில்லை. எஃப் 22க்கு இறக்கி ஃபில்டர் செலவை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், படத்தின் கூர்மை போய்விடும்.

ஒன்றே ஒன்று வாங்க முடியுமானால் போலரைசரை வாங்குங்கள். ஈரப் பாறையிலும் இலையிலும் உள்ள வெள்ளைப் பளபளப்பை எடுத்துப் பச்சையைக் கொண்டுவருவது அதுதான், கணினியில் அதைச் செய்ய முடியாது. மாட்டிவிட்டு முன்வளையத்தைச் சுற்றிப் பார்த்து, பாறை கறுக்கிற இடத்தில் நிறுத்துங்கள். சுற்ற மறந்துவிட்டு "ஒன்றும் வித்தியாசமில்லை" என்கிறவர்கள் அனேகர்.

றம்பொடை போன்ற 100 மீற்றருக்கு மேற்பட்ட அருவியின் அடியில் சாரல்தான் எதிரி. அரை வினாடிப் படத்துக்கு நடுவே ஒரு துளி விழுந்தாலும் மங்கலான வட்டம் வந்துவிடும். இருவராகப் போவதன் முழுப் பயனும் இங்கேதான். ஒருவர் முக்காலியில் நிற்க, மற்றவர் குடையை வில்லைக்கு முன்னால், காட்சிக்குள் வராத உயரத்தில் பிடிக்க வேண்டும். எடுக்கும் கணத்தில் மட்டும் குடையை விலக்கி, உடனே மறைத்து, துணியால் துடைக்க வேண்டும். பத்துப் படம் எடுத்ததும் ஆள் மாறுங்கள். குடை பிடிப்பது எப்போதும் மனைவியின் வேலையாகிவிடுகிறது என்று இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன, பெயர் போடவில்லை.

கேள்வி: எனக்கு கெனன், அவருக்கு நிக்கோன். கலியாணத்துக்கு முன்பே வாங்கியவை. ஒன்றை விற்றுவிடவா?
(ஒரு வாசகி, வெள்ளவத்தை)

விற்க வேண்டாம், பழைய வில்லைக்குக் கிடைக்கிற விலை மனதை நோகடிக்கும். வில்லைகளை மாற்றிக்கொள்ள முடியாது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பொதுவாக்கலாம். ஃபில்டரை உங்களிடமுள்ள மிகப் பெரிய வில்லையின் அளவில், 77 மி.மீ. என்றால் 77இல், ஒரே ஒரு தொகுப்பு வாங்கி, சிறிய வில்லைகளுக்கு 67–77 போன்ற மாற்று வளையம் போடுங்கள். மிக அகலமான வில்லையில் வளையத்தின் மேல் ஃபில்டர், ஃபில்டரின் மேல் ஃபில்டர் என்று அடுக்கினால் மூலைகள் கறுக்கும். இரண்டு கமராவின் அடியிலும் முக்காலியில் பூட்டுகிற ஒரே வகை ஆர்கா தட்டு இருந்தால் முக்காலி ஒன்று போதும். இரண்டிலும் எஸ்டி கார்ட் போடலாமானால் அதையும் ஒரே வகையாக வாங்குங்கள்.

பிறகு வேலையைப் பிரியுங்கள்: ஒரு வீட்டுக்கு ஒரு தொலைவில்லை போதும். இரண்டு தொலைவில்லை என்றால் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ அளவு, மலை ஏறும்போது தோள் சொல்லும். யார் எதை எடுப்பது என்பதில் சண்டை வந்தால், காலையில் ஒருவர், மத்தியானத்துக்குப் பிறகு மற்றவர் என்று கமராவையே மாற்றிக்கொள்ளுங்கள்.

மறக்கக் கூடாத ஒன்று, நேரம். வெளிக்கிடும் முன் இரண்டு கமராவின் நேரத்தையும் ஒன்றாக்குங்கள். அதற்கு மேல், வினாடி ஓடும் கைபேசிக் கடிகாரத்தை இரண்டு கமராவிலும் ஒவ்வொரு படம் எடுத்துவையுங்கள். நேரம் பிசகினாலும் பிறகு சரிசெய்ய அது உதவும்.

கேள்வி: கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்கலாமா? சிலர் காசு கேட்கிறார்களே.
(ஒரு வாசகர், மட்டக்களப்பு)

தேயிலை மலை சுற்றுலாப் பூங்கா அல்ல, ஒரு தொழிலிடம். தோட்டப் பாதைக்குள் இறங்கமுன் அலுவலகத்திலோ, மலையில் நிற்கிற கங்காணியிடமோ கேளுங்கள். பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், முதலில் உங்கள் மனைவி போய் நாலு வார்த்தை பேசட்டும். "அக்கா, வேலையைப் பார்த்துக்கொண்டே இருங்க, நாங்க ஓரமா நின்னு எடுக்கிறோம்" என்றால் போதும்.

காசு விஷயம். அவர்களுடைய சம்பளம் பெரும்பாலும் கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. மேலே பார், கூடையைத் திருப்பு, சிரி என்று பத்து நிமிடம் நிற்க வைத்தால், அந்தப் பத்து நிமிடக் கொழுந்து மடுவத்தில் தராசு ஏறாது. நிற்க வைத்தால் காசு கொடுப்பதுதான் நியாயம். ஓரமாக நின்று வேலையோடு வேலையாக எடுத்தால் அதற்குத் தேவை வராது. எடுத்ததை 4×6 தாளில் அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது கங்காணி பெயருக்குத் தபாலில் போடுங்கள்.

நேரம் காலை ஏழரை முதல் ஒன்பது வரை. பிறகு தலைத்துணியின் நிழல் முகத்தில் கறுப்பாக விழும். கைகள் மிக வேகமானவை: இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் எறிவார்கள். விரலைத் தெளிவாகப் பிடிக்க 1/500, அந்த எறிதலுக்கு 1/1000. இடுப்பில் சுற்றிய படங்கின் மடிப்பில் ஒட்டியிருக்கும் ஈரம், சாறுபட்டுக் கறுத்த விரல் நுனி, இவற்றையும் தொலைவில்லை எடுக்கும். லயத்துக் கொடியில் காயும் உடுப்பையும் வாசலில் விளையாடும் பிள்ளைகளையும் கேளாமல் எடுக்காதீர்கள். அது அவர்கள் வீடு.

கேள்வி: அவருக்குப் பறவை, எனக்குக் காட்சி. அவர் ஒரு புதரடியில் இரண்டு மணி நேரம் குந்தியிருப்பார். நான் என்ன செய்வது?
(ஒரு வாசகி, பண்டாரவளை)

தொலைநோக்கி ஒன்று வாங்குங்கள், 8×42. பறவைப் படத்தில் இரண்டாவது கமராவைவிட இரண்டாவது ஜோடிக் கண் பெறுமதி. அவர் வில்லைக்குள் பார்த்திருக்கும்போது பக்கத்துக் கிளையில் வந்து குந்துவதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதுவும் அலுத்தால் முக்கால் மணி நேரம் என்று எல்லை வையுங்கள். எதுவும் வராவிட்டால் எழும்ப வேண்டும்.

உங்கள் இருவருக்கும் ஒத்துவரும் இடம் நுவரெலியா விக்டோரியா பூங்கா. அவருக்குப் புதர், உங்களுக்குப் பூப்பாத்தி, நடுவில் இருப்பதற்கு ஒரு வாங்கு (பெஞ்ச்). ஒக்ரோபர் முதல் மார்ச் வரை இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈபிடிப்பானும் அங்கே நிழலில் இரை தேடும். இலைக்குப்பை நிறைந்த ஓரங்களில் அசையாமல் இருந்தால் ஆறுமணிக்குருவி தானே கிட்ட வரும். இருட்டான இடம்: எஃப் 5.6, 1/250, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. அதற்குமேல் ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை, புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், ஆடிய படத்தைத் திருத்த முடியாது. கைபேசியில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்; கூடு கட்டுகிற காலத்தில் முட்டையை விட்டு எழும்பி வந்துவிடும்.

கேள்வி: நானுஓயாவிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போகிறோம். ஜன்னலால் எடுத்தால் எல்லாம் ஆடுகிறது.
(ஒரு தம்பதியர், வவுனியா)

ரயில் மெதுவாகத்தான் போகும், ஆனால் கிட்ட உள்ள புதர் வேகமாகப் பறக்கும். 1/1000 வையுங்கள். கையை ஜன்னல் சட்டத்தில் ஊன்றாதீர்கள், பெட்டியின் அதிர்வு நேரே கமராவுக்கு வரும். ஆளுக்கொரு பக்கம் இருந்து, நல்லது வந்தால் குரல் கொடுங்கள். வாசலில் தொங்கிக்கொண்டு ஆளை ஆள் எடுக்கும் அந்தப் பிரபலமான படம் வேண்டாம். சுரங்கச் சுவரும் மண்மேடும் கைக்கெட்டும் தூரத்தில் வரும். அதில் அடிபட்டுச் செத்தவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் சேவை நிற்பதுண்டு, முதல் நாள் நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: காலில் ஏறிக் கடிக்கிற அட்டைக்கு என்ன செய்வது?
(ஒரு வாசகர், திருகோணமலை)

காற்சட்டையை நீளக் காலுறைக்குள் விட்டு, காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேயுங்கள். சித்தாலேப களிம்பும் வேலை செய்யும். டீட் கலந்த பூச்சித்தைலம் பூசினால் கையை நன்றாகக் கழுவிய பிறகே கமராவைத் தொடுங்கள். அது பிளாஸ்ரிக்கையும் ரப்பர் பிடியையும் கரைக்கும்.

கேள்வி: ட்ரோன்?
(ஒரு வாசகர், கண்டி)

சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளைப் பாருங்கள். தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் பையை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: வில்லைக்குள் சிலந்தி வலைபோல ஏதோ தெரிகிறது. அலுமாரியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தோம்.
(ஒரு தம்பதியர், நுவரெலியா)

பங்கசு, அதாவது பூஞ்சணம். அலுமாரியில் பத்திரமாக வைத்ததுதான் காரணம்: இருட்டு, அசையாத காற்று, ஈரம். தோல் உறைக்குள் வைத்திருந்தால் இன்னும் மோசம். முதல் வேலை, அந்த வில்லையை மற்றவற்றிலிருந்து பிரித்துவையுங்கள். அடுத்து, தாமதிக்காமல் திருத்துநரிடம் கொடுங்கள். ஆரம்பத்தில் துடைத்தால் போகும், நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும். வெயிலில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: வெயில் இருக்கும் வலையை அகற்றாது, வில்லை பூதக்கண்ணாடியாகி எதையாவது எரித்தும் விடும்.

மிச்ச வில்லைகளுக்கு, ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத பெட்டி ஒன்று, 10 லீற்றர் அளவு. உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், பக்கத்தில் ஒரு சிறிய ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் ரப்பரும் உள்ளே உள்ள கிரீசும் காயும். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 120 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறிய பிறகு திரும்பப் போடுங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுவதும் வேண்டாம், தூசும் மாவும்தான் மிஞ்சும்.

குளிரிலிருந்து திரும்பிச் சூடான அறைக்குள் நுழையும்போது பையின் ஸிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள். திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் அறையின் ஈரம் முழுக்கப் படியும். கார்டை உடனே பார்க்க ஆசையாக இருந்தால், பையை மூடுமுன், வெளியிலேயே கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.